வலது விரலில் மை

ஓட்டு மெஷின் நின்றுவிட்டதாம். வேறு மெஷின் வருகிற வரைக்கும் எல்லாரும் இப்படியே இருக்க வேண்டியதுதான் என்று போலீஸ்காரர் வந்து சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவரையே பிடித்துக்கொண்டார்கள், அவர் என்ன செய்வார் பாவம். எனக்கு நல்லதாகப் போயிற்று. மெதுவாக வரட்டும். வராமலே போனாலும் சரி, நான் யாரிடமும் கோபித்துக்கொள்ள மாட்டேன். பள்ளிக்கூடத்து நடையில் வயசாளிகளுக்கு என்று ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள், ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு, உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கிறது. அண்ணன் என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். நான் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் கம்பு. தலையில் எண்ணெய் வேறு. காலேஜில் புள்ளியியல் வாத்தியாராக இருந்த காலத்தில்கூட இப்படிப் படிய வாரினவர் இல்லை. "மெஷின் வந்துட்டா?" என்கிறார். "இல்லண்ணே." அதை வலது காதில் வாயை வைத்துச் சொல்ல வேண்டும், இடது காது முன்னமே போய்விட்டது. "வரட்டும், வரட்டும். நம்ம மரக்கால் எங்க போயிரும்" என்று கம்பைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார். நெல் அளக்கிற மரக்கால்தான் அண்ணனுடைய கட்சிச் சின்னம், உள்ளே இருக்கிற எந்த மெஷினிலும் அது இல்லை. இந்த வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும், தெருவுக்கே தெரியும், பால்காரருக்குத் தெரியும். அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகவேண்டும், அவருக்குக் கண் தெரியாததால் துணைக்கு வந்த நானே அவர் சொல்கிற சின்னத்தில் அழுத்தவேண்டும், அவர் மரக்கால் என்று சொல்வார். நான் எதை அழுத்துவேன்?

எல்லாம் அந்தப் பேப்பரால் வந்தது. இல்லை, பேப்பர் என்ன செய்யும், என் நாக்கால் வந்தது. சர்க்கரை வியாதி அண்ணனுடைய கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்தபோது அவர் அழவில்லை. வீடு நிறையப் புத்தகம், கட்டிலுக்கு அடியில்கூடப் புத்தகம், அதையெல்லாம் கையால் தடவித் தடவி அடுக்கிவைத்தார், அவ்வளவுதான். திருநெல்வேலியிலிருந்து ஒரு பிள்ளை வந்து புள்ளி புள்ளியாகக் குத்தின அட்டையைக் கொடுத்து, இதைத் தொட்டுத் தொட்டுப் படிக்கலாம் சார் என்றது. அண்ணன் ஒரு வாரம் தடவிப் பார்த்தார். சர்க்கரையில் விரலும் மரத்திருந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஏளா ஆவுடை, உங்கண்ணன் இப்ப கைநாட்டு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், நான் அடுப்படிக்குப் போய்த்தான் அழுதேன். அன்றைக்கு மறுநாள் காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் வலது காதுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். பஸ் போர்டு வாசிப்பேன், மருந்துச் சீட்டில் காலை மாலை வாசிப்பேன். பேப்பர் என்றால் ஒவ்வொரு சொல்லும் கல்லும் முள்ளும்தான். நா-டா-ளு-மன்-றம் என்பேன், அண்ணன் பொறுமையாக, ம், ம் என்பார். ஒரு தலைப்பு முடிவதற்குள் காப்பி ஆறிவிடும். டி.வி. இருக்கிறது, அதை என் அறைக்குள் வைத்துச் சத்தம் இல்லாமல் பார்க்கச் சொல்லிவிட்டார், அது செய்தி இல்லையாம், கூச்சலாம். அச்சில் வந்தால்தான் அவருக்குச் செய்தி. அச்சில் வந்தது எல்லாம் என் வாய் வழியாக வந்தால்தான் உண்டு என்று ஆனபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வாழ்நாள் முழுக்க என்னை மூதி, மூதி என்று ஏசினவர். எங்கள் பக்கத்தில் அது செல்லமும்தான், ஏச்சும்தான். அவர் எந்த நேரத்தில் எதைச் சொன்னாரோ.

"தண்ணி குடிக்கியளாண்ணே?" வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். வெயில் நடைக்குள் வந்துவிட்டது. முன்னால் நிற்கிற பெண்ணின் தலையில் கனகாம்பரம் வாடிப்போயிருக்கிறது. பிச்சையா மாஸ்டர் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. இந்த ஊரில் மரக்கால் கட்சிக்கென்று கடைசியில் மிஞ்சினது அண்ணனும் அவரும்தான். அவர் வந்து ஒரு அதட்டுப் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருப்பார், ரெண்டு பேரும் சேர்ந்து கத்தியிருப்பார்கள், முடிந்திருக்கும். அவர் ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். அண்ணன் நாலு நாள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தார், விழுங்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துவிட்டார். கண் தெரியாதவருக்குச் சுவர் என்ன, வாசல் என்ன, ஆனாலும் திருப்பிக்கொண்டார். அந்தப் படுக்கையிலிருந்து அவரை எழுப்பினது பேப்பர்தான். தேர்தல் வருதுண்ணே என்று வாசித்தேன், மெதுவாகத் தலையைத் திருப்பினார். அப்புறம் தை பிறந்து ஒரு நாள் காலையில், பால் காய்கிற நேரத்தில் நான் முன்னாலேயே எழுத்துக்கூட்டிப் பழகிக்கொள்வேனே, அப்போது அந்தப் படத்தைப் பார்த்தேன். மரக்கால் கட்சித் தலைவர், அண்ணன் கையால் பொன்னாடை வாங்கின அதே ஆள், விசிறிக் கட்சித் தலைவருக்குச் சால்வை போடுகிறார். ரெண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். கூட்டணியாம். மரக்காலுக்கு எங்கேயோ ரெண்டு தொகுதி, எங்கள் தொகுதி விசிறிக்கு. மரக்காலுக்குப் போடுகிறவர்கள் எல்லாரும் விசிறிக்குப் போடவேண்டுமாம். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது, நான் பார்க்கவில்லை. விசிறியையா? நாற்பது வருஷமாக அண்ணன் வாய் நிறைய ஏசின விசிறியையா?

விசிறி என் சின்னம். அதைத்தான் சொல்ல வந்தேன். நான் விசிறிக்குத்தான் போடுவேன், அன்றும் இன்றும். அண்ணன் கேட்பார், அவர்கள் என்ன செய்தார்கள், கொள்கை என்ன, கையிலே எத்தனை ஊழல், எதைப் பார்த்துப் போடுகிறாய் என்று. நான் வெங்காயம் அரிந்துகொண்டிருப்பேன். "ஓட்டுன்னா யோசிச்சுப் போடணும்ளா. நீ அழுதுட்டுப் போடுத" என்பார். சரிதான். அழுதுவிட்டுத்தான் போடுகிறேன். என் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது மத்தியானம் கரண்டு போயிற்று. சித்திரை மாசம். பிள்ளை வேர்த்து வேர்த்து, உதடெல்லாம் வெடித்து, என் கை சேலை முந்தானையால் வீசி வீசி ஓய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் அப்போது வேலைக்காகத் தூத்துக்குடியில். அந்த வாரம் ஓட்டுக் கேட்டு விசிறிக் கட்சிப் பெண்கள் வார்டுக்குள் வந்தார்கள், ஆளுக்கொரு அட்டை விசிறியைக் கொடுத்துக்கொண்டே. இசக்கியம்மாள் என்று ஒரு பொம்பளை, தடித்த உடம்பு, வெற்றிலை வாய். மற்றவர்கள் போய்விட்டார்கள், அவள் போகவில்லை. "நீ கண்ண மூடு தாயி, நா வீசுதேன்" என்று தரையில் உட்கார்ந்தாள். கரண்டு வருகிற மட்டும் வீசினாள். நான் யார் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஓட்டும் கேட்கவில்லை. மறுநாள் பிள்ளை போய்விட்டது. அன்று சாயங்காலம் அண்ணன் வந்தார், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பார் போல, சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வந்து நின்று, இந்த ஜில்லாவில் ஆயிரம் பிள்ளைக்கு இத்தனை சாகிறது, ஜெனரேட்டர் இல்லை, டாக்டர் இல்லை, இது விதி இல்லை ஆவுடை, இது கணக்கு என்று சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாம் உண்மை. ஒரு எழுத்துப் பிசகு இருக்காது. என் பிள்ளை அந்த ஆயிரத்தில் ஒன்றாகப் போனதை நான் அவர் வாயால் கேட்டேன். அவர் கை என் தலையில் வந்து படாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், படவில்லை. அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் எத்தனை புத்தகம் எடுத்துச் சொன்னாலும் மெஷின் முன்னால் நின்றால் என் கை விசிறிக்குத்தான் போகும். இசக்கியம்மாளுக்கு அந்தக் கட்சி ஒரு கவுன்சிலர் சீட்டுக்கூடக் கொடுக்கவில்லை, அவள் செத்தபோது கொடி போர்த்தவும் ஒருத்தர் வரவில்லை. எனக்குத் தெரியாதா? தெரியும். அண்ணன் நினைக்கிற அளவுக்கு நான் மூதி இல்லை.

அவரும்தான் என்ன, யோசித்தா மரக்காலுக்குப் போனார்? எங்கள் அப்பா பண்ணையார் களத்தில் கூலி வாங்கப் போனபோது ஒருநாள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனார். அளந்து வாங்குவதற்கு ஒரு மரக்கால், அளந்து கொடுப்பதற்கு அடியில் தகரம் வைத்த இன்னொரு மரக்கால். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி துண்டை விரித்தாராம். அண்ணன் வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லாருக்கும் ஒரே மரக்கால் என்று சொல்லிக்கொண்டு ஒரு கட்சி பிறகு வந்தது, இவர் போய்ச் சேர்ந்தார். புத்தகமெல்லாம் அதற்குப் பிறகு வாங்கினதுதானே. அந்தக் கிணற்றடிக் கோபத்துக்கு ஆதரவாகத்தானே வீடு நிறைய வாங்கி அடுக்கினார். நான் இதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை ஓய்ந்திருக்கும், ஓய்ந்திருந்தால் அப்புறம் எங்களுக்குள் பேச என்ன இருந்திருக்கும்? அந்தப் படத்தைப் பார்த்த காலையில் நான் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். "நம்ம கட்சி என்ன சொல்லுது?" என்றார். படுக்கையிலிருந்து எழுந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. கன்னத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நான் பேப்பரை விரித்து, மரக்கால் நம்ம தொகுதியில் நிற்குது, ஒரு சின்ன வயசு வக்கீல் நிற்கிறார் என்று வாசித்தேன். ஒரு திக்கல் இல்லை. எங்கிருந்து வந்ததோ.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் வக்கீல் என்ன பேசினான் என்று கேட்டார். நான் வக்கீலுக்கு ஒரு ஊர் கொடுத்தேன், ஒரு பெயர் கொடுத்தேன், ஓட்டை ஜீப்பில் ஊர் ஊராகப் போகவைத்தேன். பேசுவதற்கு அவனுக்கு வார்த்தை வேண்டுமே, எனக்கு அரசியல் என்ன தெரியும்? நாற்பது வருஷமாக அடுப்படி வாசலில் நின்றுகொண்டு அண்ணன் பேசினதெல்லாம் எடுத்து அந்த வக்கீல் வாயில் போட்டேன். கல்வி ஒரு மருந்துக்கடைச் சாமான் இல்லை, காசுக்குத் தகுந்த அளவு பொட்டலம் கட்டிக் கொடுக்க. சராசரி என்பது ஒரு பொய், பணக்காரனையும் பட்டினிக்காரனையும் கூட்டி வகுத்தால் ரெண்டு பேரும் சாப்பிட்டவன் ஆகிவிடுவான். இப்படி. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இதெல்லாம் எப்போது எனக்குள் போய் உட்கார்ந்தது? நான் கேட்காத மாதிரி வெங்காயம்தானே அரிந்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், உதடு லேசாக அசையும். அன்றைக்கு ரெண்டு தோசை கூடச் சாப்பிடுவார். தெருவில் மைக் கட்டின ஆட்டோ வந்தால் கொசு வருது என்று ஜன்னலைச் சாத்துவேன், மாதம் பங்குனி, வெந்து போவோம். அவர் ஏன் சாத்துகிறாய் என்று கேட்கவில்லை. வாக்குப்பதிவுக்கு வரமாட்டார், கண் தெரியாத மனுஷன் எதற்கு அலைவார் என்று நம்பியிருந்தேன். இன்று காலையில் எனக்கு முன்னால் குளித்துவிட்டு நிற்கிறார்.

மெஷின் வந்துவிட்டது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேர் ஓடுகிறார்கள். பெஞ்சில் இருக்கிறவர்களை முதலில் அனுப்புகிறார்கள், கடவுளே, இவ்வளவு மரியாதை எதற்கு? அண்ணன் கை என் முழங்கையைப் பிடித்திருக்கிறது. இங்கேயே சொல்லிவிடலாமா? சொன்னால் இந்த நடையிலேயே உட்கார்ந்துவிடுவார், மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார், இந்தத் தடவை எதை வாசித்து எழுப்புவேன்? சொல்லாமல் விசிறியில் அழுத்திவிடலாம், அவருடைய கட்சியே அதைத்தான் சொல்லியிருக்கிறது, என் சின்னமும் அதுதான், பீப் என்று சத்தம் வரும், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. யாருக்கும் இல்லையா? கண் தெரியாதவர் கையை வைத்து அவர் வாழ்நாள் பூராவும் மறுத்ததைச் செய்துவிட்டு, சாயங்காலம் அவருக்கு எப்படிச் சோறு போடுவேன்? உள்ளே மேஜைக்காரர் ஒரு தாளை நீட்டுகிறார். "துணைக்கு வாரவங்க கையெழுத்துப் போடணும்மா. வாசிச்சுப் பாருங்க." வாசிக்கிறேன். இவருடைய வி-ருப்-பப்-படியே வாக்கை... மேஜைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "அவரு சொல்ற சின்னத்துல அழுத்தணும், வெளிய சொல்லக் கூடாது, அவ்ளோதான்." கையெழுத்துப் போட்டேன். என் ஓட்டுக்கு இடது கை விரலில் மை. அண்ணனுக்குத் துணை போவதற்கு வலது கை விரலில் மை. முதலில் என் ஓட்டைப் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் வரிசையாகச் சின்னங்கள், மேலிருந்து கீழே பார்த்தேன், ஒருவேளை இருந்துவிடாதா என்று மறுபடியும் கீழிருந்து மேலே பார்த்தேன். இல்லை. என் கை பாட்டுக்கு விசிறிக்குப் போய்விட்டது. எப்போதும் அந்த நேரத்தில் பிள்ளையின் வெடித்த உதடு ஒரு தடவை வந்துபோகும். இன்றும் வந்தது.

அப்புறம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். மறைப்புக்குள் ரெண்டு பேரும் நெருக்கியடித்து நிற்கிறோம். அவர் மேல் சந்தன சோப்பு வாசம். மரக்கால் என்று சொல்லப்போகிறார், காது மந்தம், அவர் பேசினால் பூத்து முழுக்கக் கேட்கும், ஏஜெண்டுகள் எல்லாம் சிரிப்பார்கள். சிரிக்க விடக்கூடாது. எனக்கு அது மட்டும்தான் அப்போது தோன்றியது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் வலது காதில் வாயை வைத்தேன். "அண்ணே. ம-மரக்கால் இல்லண்ணே. கூ-கூட்டணி ஆயிட்டு. வக்கீல்னு யா-யாரும் கிடையாதுண்ணே." சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் ரகசியம் பேசி நான் கேட்டதே இல்லை, காது போன பிறகு அவருக்கு ரகசியமே கிடையாது. இப்போது குனிந்து என் காதில் சொல்கிறார், காற்று மாதிரி. "தெரியும்ளா." கண்ணைத் திறந்தேன். "பேப்பர் வாசிக்கும்போது நீ வரிக்கு வரி திக்குவ. அந்த வக்கீல் வந்தான் பாரு, அன்னைலேருந்து தண்ணி மாதிரி வாசிச்ச." "அண்ணே..." "அவன் பேசினது பூரா நான் பேசினதுல்லா. நீ ஒரு நாளும் காது கொடுத்துக் கேக்கலன்னுல்லா நெனச்சிருந்தேன்." மேஜைப் பக்கமிருந்து, என்னம்மா, சீக்கிரம் என்று குரல் வருகிறது. "தெரிஞ்சும் ஏண்ணே வந்திய?" "வரலன்னா ஏன்னு கேப்ப. தெரியும்னு நான் சொல்லணும். அப்புறம் காலைல எனக்கு யார் வாசிப்பா?"

அழக்கூடாது, இங்கே அழக்கூடாது. அவர் கை காற்றில் துழாவுகிறது. "விசிறி எங்கன இருக்கு? எம் விரல அங்கன வை." "வேண்டாம்ணே. கட்சி சொல்லிச்சுன்னு நீங்க..." "கட்சி கெடக்கு சவம். அந்தப் பொம்பள வீசினால்லா, அவளுக்கு. நான் அன்னைக்குக் கணக்குச் சொல்லிட்டு நின்னேன்." வார்டில் யாரோ அன்றைக்கே இசக்கியம்மாளைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். தெரிந்திருக்கிறது. இவ்வளவு வருஷமும் தெரிந்திருக்கிறது. நாற்பது வருஷமாக இந்த மனுஷனை ஒரே ஒரு தடவை விசிறிக்குப் போட வைத்துவிடவேண்டும் என்று எனக்கு ஆசை. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருக்கிறேன், சோறு வைக்கமாட்டேன் என்று மிரட்டியிருக்கிறேன். இப்போது அவரே விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வேண்டாம். இது எனக்கு வேண்டவே வேண்டாம். போ மூதி, அறிவுகெட்டவளே, உன் சின்னமும் நீயும் என்று இந்தப் பூத்தே கேட்கிற மாதிரி ஒரு ஏச்சு ஏசுங்கண்ணே, நான் எதை அழுத்தச் சொன்னாலும் அழுத்துகிறேன், யாருக்கும் இல்லை என்கிற கடைசிப் பட்டனை அழுத்துகிறேன், ஒன்றும் அழுத்தாமல்கூட வெளியே கூட்டிக்கொண்டு போகிறேன், வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுவோம். அவர் ஏசவில்லை. அந்த மரத்துப்போன விரலைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. விசிறிக்கு நேரே கொண்டுபோய் வைத்து, அதன்மேல் மை வைத்த என் வலது விரலை வைத்து அழுத்தினேன். பீப் என்று நீளமாகக் கத்தியது. அண்ணனுக்கு அது கேட்கவில்லை போலிருக்கிறது. கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பி, இந்தத் தடவை பூத்து முழுக்கக் கேட்கிற மாதிரி, "லைட்டு எரிஞ்சுதாளா?" என்று கேட்டார்.

"எ-எரிஞ்சுதுண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.